மூலிகை மருந்துக்கும் தணிக்கை வேண்டும்

(பேதிக்குக் கொடுக்கும் மூலிகைகளைப் பரீக்ஷிக்கும் முறையைப் பற்றி, கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

நமது கிராமங்களில் பேதிக்கு ஒரு கைமருந்து தெரியாத வீடு அரிது. ஒரு வீட்டில் மாதுளம் பழத்தோலைக் கஷாயமிட்டுக் கொடுப்பார்கள். அடுத்த வீட்டில் கொய்யாக் கொழுந்தை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். மற்றொரு வீட்டில் வில்வப் பிஞ்சை உலர்த்திப் பொடி செய்து வைத்திருப்பார்கள். ஜாதிக்காயை உரைத்துக் கொடுப்பதும், மரமஞ்சள், குடசப்பாலைப் பட்டை முதலியவற்றைக் கஷாயம் வைப்பதும் வழக்கத்தில் உள்ளனவே. இம்மருந்துகளைப் பற்றி ஜனங்களுக்குள் இருவித அபிப்பிராயம் உண்டு. முன்னோர் கண்டவையாகையால் எல்லாம் கைகண்ட மருந்துகளே என்பர் ஒரு சாரார். பச்சிலை வைத்தியம் முழுவதும் வீண் நம்பிக்கையே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்பட்டிருக்கிறார்கள்: இருவரும் பரீக்ஷித்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லுகிறார்கள்.

ஒரு சங்கம் நன்றாக நடக்கிறதா என்பதை, அது பழமையான சங்கம் என்பதனாலோ, அதன் காரியதரிசி நல்ல மனிதர் என்பதனாலோ நாம் தீர்மானிப்பதில்லை. கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். மருந்துக்கும் அவ்விதமான தணிக்கை உண்டு. இதை எழுதுபவன் வைத்தியன் அல்லன். சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் உத்தியோகத்தில் உள்ளவன். எனினும் மருந்துத் தணிக்கையின் சாரம், வரவு செலவு பார்க்கத் தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடியதேயாம். அதனை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது ஏன் அவசியமென்றால், இவ்விஷயத்தில் நேரும் தவறுக்கு வட்டி கட்டுவது குழந்தைகளின் உயிர்.

1. உயிரைக் கொண்டுபோவது எது?

மூலிகையைப் பற்றிப் பேசுமுன், பேதியில் உயிர் எவ்வாறு போகிறது என்பதை அறியவேண்டும். பெரும்பாலும் உயிர் போவது, உடம்பிலுள்ள நீரும் உப்புக்களும் வெளியேறிவிடுவதனாலேயாம். வாந்திபேதி எனப்படும் காலரா கடுமையாகக் கண்ட ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரையில் நீரை இழக்கக்கூடும். சிறு குழந்தையின் உடம்பில் இருப்பு குறைவு. ஆகையால் சில மணி நேரத்துக்குள்ளேயே அபாயம் நேரிடும். காலராக் கிருமி ஒருவித விஷத்தை உண்டாக்கி, அவ்விஷமே குடலின் உட்சுவரைத் தூண்டி நீரைச் சுரக்கச் செய்கிறது என்பதை, கல்கத்தாவில் டாக்டர் சம்பு நாத் தே 1959ஆம் வருஷத்தில் நிரூபித்தார்.

ஆனால் குடலுக்கு வேறொரு குணமும் உண்டு. குளுகோஸ் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால், பேதி ஆகிக்கொண்டிருக்கும்போதும் குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவற்றுடன் நீரும் செல்லும். இக்குணத்தை ஆதாரமாகக் கொண்டு, 1968ஆம் வருஷத்தில் டாக்காவில் காலரா நோயாளிகளுக்குக் கரைசலை வாய் வழியாகவே கொடுத்துப் பரீக்ஷித்தார்கள். இரத்தக் குழாயில் ஏற்றவேண்டியிருந்த நீரின் அளவு பெரிதும் குறைந்தது. 1971ஆம் வருஷத்தில் வங்காள தேச யுத்தத்தினால் அகதிகள் இந்திய எல்லையிலுள்ள பங்கான் என்னும் ஊரில் லக்ஷக்கணக்காக வந்து கூடியபோது, அங்கே காலரா பரவிற்று. ஏற்றுவதற்கு வேண்டிய நீர்ப் புட்டிகள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் என்பவர் உப்பும் குளுகோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே கொடுக்கச் செய்தார். முன்பு நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், கரைசல் கொடுத்த சுமார் 3,700 பேரில் இறந்தவர் நூற்றுக்கு 3.6 பேரே.

இதனால் முதல் விதி ஏற்படுகிறது: எந்த மூலிகையும் கரைசலுக்கு அடுத்த இடத்தையே பெறும். கஷாயம் காய்ச்சி முடியட்டும் என்று கரைசலை நிறுத்தி வைப்பது, வீடு தீப்பற்றி எரியும்போது தண்ணீரை ஊற்றாமல் கூரைக்கு ஓலை தேடுவது போலாகும்.

2. "கொடுத்தேன், நின்றது" என்பது சாட்சியாகுமா?

கைமருந்துக்குச் சாட்சி சொல்பவர்கள் யாவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்லுகிறார்கள்: "என் குழந்தைக்குக் கொடுத்தேன்; பேதி நின்றுவிட்டது." அவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்து கொடுத்ததும் மெய். பேதி நின்றதும் மெய். ஆனால் மருந்தினால் நின்றதா என்பதே கேள்வி. இதில் நால்வகைத் தடுமாற்றங்கள் உண்டு.

முதலாவது, சாமானியமான பேதி தானாகவே நின்றுவிடும் இயல்புள்ளது. வங்காள தேசத்துக் கிராமங்களில் பேதி கண்ட குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2010ஆம் வருஷத்தில் வெளியான ஒரு பரீக்ஷையைப் பின்னால் விவரிக்கிறோம். அதில், பரீக்ஷைக்குரிய ஆகாரத்தைப் பெறாத குழந்தைகளிலும் நூற்றுக்குச் சுமார் 53 பேருக்கு மூன்றாம் நாளுக்குள்ளும், சுமார் 89 பேருக்கு ஏழாம் நாளுக்குள்ளும் பேதி நின்றுவிட்டது. இவ்வித நூறு குழந்தைகளுக்கு ஒருவர் வெறும் வர்ண நீரைக் கொடுத்திருந்தால், ஒரு வாரத்துக்குள் சுமார் 89 தாய்மார்கள் அவரைக் கைராசிக்காரர் என்று கொண்டாடுவார்கள். பேதி மிகவும் உக்கிரமாக இருக்கும்போதுதான் மருந்து தேடுகிறோம் என்பதையும் கவனிக்கவேண்டும். உக்கிரத்துக்குப் பின் வருவது சாந்தமே. அப்புகழ் அப்போது கையிலிருந்த மருந்துக்குப் போய்ச் சேருகிறது.

இரண்டாவது, குணமடைந்தவர் திரும்பி வந்து நன்றி சொல்லுவார். குணமடையாதவர் வேறிடம் போய்விடுவார். இறந்த குழந்தையின் தாய் எவரிடமும் வந்து கணக்குச் சொல்லமாட்டாள். ஒரு காரியதரிசி, கடனைத் திருப்பிக் கட்டியவர்களின் பெயர்களை மட்டும் எழுதிவைத்து, தவணை தவறியவர்களின் ஏட்டைக் காட்டாமல், "நமது சங்கத்தில் பாக்கியே இல்லை" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கடன் வாங்கிய ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்போம். மருந்து கொடுக்கப்பட்டவர் விஷயத்திலும் அதுவே நியாயம்.

மூன்றாவது, பேதி என்பது ஒரே வியாதியன்று. ரோட்டா வைரஸ் என்னும் நுண்கிருமியினால் குழந்தைகளுக்கு வருவது ஒன்று. காலராக் கிருமியினால் வருவது வேறொன்று. இரத்தமும் சளியும் கலந்து போகும் சீதபேதியிலும், ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவினால் வருவதும் அமீபாவினால் வருவதும் வெவ்வேறு. இபிகாக் என்னும் பிரேஸில் தேசத்து வேரின் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணம். ஐரோப்பிய வைத்தியர்கள் அவ்வேரைச் சீதபேதிக்கு நெடுங்காலம் கொடுத்துவந்தனர். சிலர் அதனை அமிர்தம் என்றனர். சிலர் பயனற்றது என்றனர். அதன் சாரமான எமெட்டின் 1817ஆம் வருஷத்திலேயே பிரான்ஸில் பிரித்தெடுக்கப்பட்டது. அது அமீபாவைக் கொல்லும் என்று சோதனைக் குழாயில் கண்ட பின்னர், 1912ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் டாக்டர் லியோனார்ட் ராஜர்ஸ் எமெட்டினை ஊசி மூலமாக அமீபாச் சீதபேதிக்காரருக்குக் கொடுத்து நற்பலன் கண்டார். பாக்டீரியாவினால் வரும் சீதபேதிக்கு அது உதவாது. இரண்டு வியாதிகளை ஒரே பெயரால் அழைத்தமையால், இரு சாராரும் தாம் கண்டதையே சொல்லியும் வழக்குத் தீராமலிருந்தது. எமெட்டின் இருதயத்தைப் பாதிக்கக்கூடியதாகையால், அபாயம் குறைந்த வேறு மருந்துகள் வந்தபின் அது பின்தள்ளப்பட்டது.

நான்காவது, கஷாயத்துடன் கஞ்சி, மோர், இளநீர் முதலியனவும் கொடுக்கப்படுகின்றன. பலன் எதனுடையது என்பது அப்போது தெரியாது. இரண்டு பங்காளிகள் சேர்ந்து விளைவித்த நெல்லை ஒருவனே தன்னுடையதென்று சொல்வது போன்றதே அது.

3. பரீக்ஷையின் படிகள்

இத்தடுமாற்றங்கள் ஒவ்வொன்றையும் நீக்குவதற்காகவே விஞ்ஞானிகள் பரீக்ஷை முறையை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதன் படிகள் வருமாறு.

(அ) செடி இன்னதென்று நிச்சயித்தல். குடசப்பாலை, வெட்பாலை என்னும் இரண்டும் பாலுள்ள மரங்கள். இரண்டும் வெண்ணிறப் பூப் பூப்பவை. இரண்டின் காய்களும் இரட்டையாகத் தொங்குபவை. ஆகையால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று சரக்கில் கலந்துவிடுவதுண்டு. வெட்பாலையின் இரட்டைக் காய்கள் முற்றும்வரையில் நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலையின் காய்கள் பிரிந்து தொங்கும். குடசப்பாலை விதை மிகக் கசக்கும். வெட்பாலை விதை அவ்வாறு கசக்காது. சீதபேதிக்குப் பேர்போனது குடசப்பாலையே. செடி மாறியிருந்தால் அதன்மேல் நடத்திய பரீக்ஷை முழுவதும் வீணாகும்.

(ஆ) அளவை நிச்சயித்தல். "ஒரு கைப்பிடி", "கொஞ்சம் தண்ணீர்" என்பன அளவுகளாகா. முத்திரையிட்ட எடைக்கல் இல்லாத பண்டகசாலையில் நாம் நெல் போடுவதில்லை. எந்த உறுப்பு, எப்பருவத்தில் பறித்தது, எத்தனை கிராம், எவ்வளவு நீரில் எவ்வளவு நேரம் காய்ச்சியது என்பன குறிக்கப்படவேண்டும்.

(இ) ஆராய்ச்சிசாலையில் சோதித்தல். சாரம் கிருமியைக் கொல்லுகிறதா, கிருமியின் விஷத்தைத் தடுக்கிறதா, குடல் நீர் சுரப்பதைக் குறைக்கிறதா, உடம்புக்குத் தீங்கு செய்கிறதா என்பன இங்கு பார்க்கப்படும். மேற்கூறிய டாக்டர் தே 1953ஆம் வருஷத்தில், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தி, சுரக்கும் நீரை அளக்கும் முறையை வெளியிட்டார். பேதி மருந்துகளின் ஆராய்ச்சிக்கு அம்முறை பெரிதும் உதவிற்று. ஆயினும் ஆராய்ச்சிசாலையில் தேறுவது, விண்ணப்பம் சரியாக இருப்பதற்கு ஒப்பானது. அதனாலேயே கடன் வசூலாகிவிடாது.

(ஈ) ஒப்பிட்டுப் பார்த்தல். இதுவே பரீக்ஷையின் உயிர்நிலை. ஒரேவிதமான நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும், மற்றொரு பிரிவுக்கு அதேபோன்ற தோற்றமுள்ள வெறும் பண்டமும் கொடுப்பார்கள். யார் எப்பிரிவில் சேரவேண்டுமென்பது குலுக்கலினால் தீர்மானிக்கப்படும். ஏலச் சீட்டிலும் குலுக்கல் சீட்டிலும் பழகிய நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். வைத்தியரே பிரித்தால், தம்மையறியாமலே தேறக்கூடியவர்களை மருந்துப் பிரிவில் சேர்த்துவிடுவார். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது முடிவு வரையில் நோயாளிக்கும் தெரியாது. பேதியைக் கணக்கிடுபவருக்கும் தெரியாது.

(உ) இரு பிரிவுக்கும் கரைசல் கொடுத்தல். வெறும் பண்டத்தைப் பெறுபவரை நீரின்றித் தவிக்கவிடுதல் பாதகமாகும். தேவையான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. மூலிகை அதற்குமேல் என்ன உதவி செய்கிறது என்பது மட்டுமே பார்க்கப்படும். நோயாளிக்கு, குழந்தையானால் பெற்றோருக்கு, விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெறவேண்டும். இந்தியாவில் நடத்தப்படும் மருத்துவப் பரீக்ஷைகளை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டுமென்பது 2009ஆம் வருஷம் ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. பதிவான பரீக்ஷையின் முடிவு பாதகமாக இருந்தால், அதை மறைப்பது அரிதாகும்.

(ஊ) ஒருவரையும் விடாமல் எண்ணுதல். பாதியில் நின்றவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், இறந்தவர் யாவரும் கணக்கில் வரவேண்டும்.

4. தணிக்கைக்கு வந்த சில மருந்துகள்

வாழைக்காய். இது நமது அடுக்களைப் பண்டமே. டாக்காவில் 14 நாட்களுக்குமேல் பேதி நீடித்திருந்த, 5 முதல் 12 மாதம் வரையில் வயதுள்ள 62 ஆண் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அரிசி ஆகாரத்துடன் வேகவைத்த வாழைக்காயும், மற்றொரு பிரிவுக்கு அரிசி ஆகாரத்துடன் பழங்களிலுள்ள பெக்டின் என்னும் பொருளும், மூன்றாம் பிரிவுக்கு அரிசி ஆகாரம் மட்டும் கொடுத்தார்கள். 2001ஆம் வருஷத்தில் வெளியான முடிவின்படி, முதலிரு பிரிவுகளிலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மூன்றாம் நாளுக்குள் குணமடைந்தன. அரிசி ஆகாரம் மட்டும் உண்டவற்றில் நூற்றுக்கு 15தான். பின்னர் 6 முதல் 36 மாதம் வரையில் வயதுள்ள 2,968 குழந்தைகளுக்குக் கிராமங்களில் வீட்டிலேயே நடத்திய பரீக்ஷையின் முடிவு 2010ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. சாதாரணப் பேதியில், வாழைக்காய் உண்ட குழந்தைகளில் மூன்றாம் நாளுக்குள் தேறியவை நூற்றுக்குச் சுமார் 80. உண்ணாதவற்றில் சுமார் 53. ஏழாம் நாளில் அவ்வெண்கள் சுமார் 97ம் 89ம் ஆயின. வாழைக்காயின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைகிறது. அங்கே அது புளித்து உண்டாகும் அமிலங்கள், பெருங்குடல் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ள உதவுகின்றன. மலிவான பண்டம்; காரணமும் விளங்குகிறது; கணக்கும் நேராயிருக்கிறது. இது தணிக்கையில் தேறியது என்று சொல்லலாம்.

மரமஞ்சள். இதன் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணமானது பெர்பெரின் என்னும் சத்து. பர்மாவில் பேதி கண்ட 400 பேரைக் கொண்டு நடத்தி 1985ஆம் வருஷத்தில் வெளியான பரீக்ஷையில், காலரா அல்லாத பேதியுடைய 215 பேருக்குப் பெர்பெரின் வெறும் பண்டத்தைவிட அதிக நன்மை செய்யவில்லை. டாக்காவில் 165 பேரைக் கொண்டு நடத்தி 1987ஆம் வருஷத்தில் வெளியான பரீக்ஷையிலோ, எஷ்செரிக்கியா கோலி என்னும் பாக்டீரியாவில் விஷம் உண்டாக்கும் இனத்தினால் பேதி கண்டவர்களில், பெர்பெரின் பெற்றவருள் நூற்றுக்கு 42 பேருக்கும், பெறாதவருள் 20 பேருக்கும் 24 மணி நேரத்தில் பேதி நின்றது. காலராவில் அதன் பலன் சொற்பமே. டெட்ராஸைக்கிளின் என்னும் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது மேலதிகமான நன்மை காணப்படவில்லை. ஆகவே ஒருவகைப் பேதியில் உதவி உண்டு, எல்லாப் பேதிக்கும் அன்று என்றே கணக்கு சொல்லுகிறது. அன்றியும் அங்கே கொடுத்தது சுத்தி செய்து நிறுத்த உப்பு. நம் வீட்டுக் கஷாயத்தில் அச்சத்து எவ்வளவென்பது ஒவ்வொரு முறையும் மாறும். பிறந்த சிசுவுக்கு இச்சத்து காமாலையை அதிகப்படுத்தக்கூடுமாகையால் கொடுக்கலாகாது.

வில்வப் பிஞ்சு. பம்பாயில் ஆராய்ச்சியாளர் சிலர் இதன் கஷாயத்தைச் சோதித்து 2009ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். சோதித்த ஆறு பாக்டீரியா இனங்களில் ஒன்றையும் அக்கஷாயம் கொல்லவில்லை. ஆயினும் பாக்டீரியா அணுக்களில் ஒட்டுவதையும் உட்புகுவதையும் குறைத்தது. காலராக் கிருமியின் விஷ உற்பத்தியையும் பாதித்தது. கிருமியைக் கொல்லுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால், இம்மருந்து உபயோகமற்றதென்று தள்ளப்பட்டிருக்கும். எவ்வழியில் வேலை செய்யக்கூடுமென்று பல வாயில்களாலும் பார்க்கவேண்டும் என்பது இதனால் தெரிகிறது. எனினும் இது ஆராய்ச்சிசாலைக் கணக்கு. நோயாளியின் கணக்கு அன்று.

செம்பால் மரம். தென்னமெரிக்காவில் அமேஸான் காடுகளில் வளரும் குரோட்டன் லெக்லெரி என்னும் மரத்தைக் கீறினால், இரத்தம் போன்ற பால் வடியும். அவ்விடத்து மக்கள் அதைப் பேதிக்கும் புண்ணுக்கும் உபயோகித்துவந்தார்கள். அதிலிருந்து எடுத்த குரோஃபெலெமர் என்னும் மருந்து, குடலணுக்களில் உப்பும் நீரும் வெளியேறும் வாயில்களை அடைக்கிறது. எய்ட்ஸ் வைரஸ் உடையவர்களுக்கு வரும் ஒருவகைப் பேதியில், 374 பேரைக் கொண்டு நடத்திய பரீக்ஷையில், மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 17.6 பேருக்கும், வெறும் பண்டம் பெற்றவருள் 8 பேருக்கும் தக்க பலன் கிடைத்தது. 2012ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. கிருமித் தொற்றினால் அல்லாமல் அந்நோயாளிகளுக்கு வரும் பேதிக்கே அவ்வனுமதி. தணிக்கையில் தேறி உலகப் புகழ் பெற்ற மூலிகை மருந்தின் லாபமும் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்தான் என்பதை நாம் மனத்தில் வைக்கவேண்டும். "நூற்றுக்கு நூறு கைகண்டது" என்று எவரேனும் சொன்னால், அவர் கணக்கு வைக்காதவர் என்று கொள்ளலாம்.

5. சங்கங்கள் செய்யத்தக்கவை

மருத்துவப் பரீக்ஷை நடத்துவது சங்கத்தின் வேலையன்று. அதற்குத் தகுந்த வைத்தியரும், ஒழுங்குமுறைக் குழுவும் வேண்டும். ஆயினும் சங்கங்கள் பின்வரும் காரியங்களைச் செய்யலாம்.

ஓ.ஆர்.எஸ். என்னும் கரைசல் பொட்டலங்களும், ஒரு லிட்டர் அளவுப் பாத்திரமும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு லிட்டர் சுத்த நீருக்கு, உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், ஸிட்ரேட் உப்பு 2.9 கிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆற்றிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு கூடினால் தீங்கு. ஆகையால் அளவு தவறலாகாது. ஒவ்வொரு தடவை பேதியானபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேல் பத்து வயது வரையில் 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறுகச் சிறுகப் புகட்டவேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்தலாகாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் வரையில், ஆறு மாதத்துக்குட்பட்டவர்க்குத் தினம் 10 மில்லிகிராமும், மற்றவர்க்கு 20 மில்லிகிராமும் கொடுக்கவேண்டுமென்று 2004ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃப்பும் கூட்டாக அறிவித்தன.

கண் குழி விழுதல், அழும்போது கண்ணீர் வராமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல், குடிக்க மாட்டாமை, இடைவிடாத வாந்தி, பேதியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லவேண்டும். வழியிலும் கரைசலை நிறுத்தலாகாது. பேதியை அடக்குவதற்கென்று அபின் சேர்ந்த எதையும் குழந்தைக்குக் கொடுக்கலாகாது. அது குடலை மரக்கச் செய்து வெளிப்போக்கை மறைக்குமேயன்றி, இழந்த நீரைத் திருப்பித் தராது, மூச்சையும் அடக்கிவிடும்.

கைமருந்துகளைப் பற்றி ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். நோயாளியின் வயது, பேதி தொடங்கிய நாள், இரத்தம் உண்டா இல்லையா, கொடுத்த செடியின் பெயரும் உறுப்பும் அளவும், அதனுடன் கொடுத்த பிற பண்டங்கள், பேதி நின்ற நாள், நிற்காவிடில் நேர்ந்தது யாது என்பன அதில் இருக்கட்டும். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. தேறாதவர் ஒருவரும் விடுபடலாகாது. இப்பதிவேடு ஒரு மருந்தை நிரூபிக்காது. எம்மருந்தைப் பரீக்ஷிக்கத் தகும் என்பதை ஆராய்ச்சியாளருக்குக் காட்டும் முதற்குறிப்பாக உதவும். மூலிகைத் தோட்டம் வைத்துள்ள சங்கங்கள், ஒவ்வொரு செடியின் பெயரையும் தாவர சாஸ்திரம் அறிந்தவரைக் கொண்டு நிச்சயித்து எழுதிவைத்தல் நலம்.

இவையெல்லாம் பேதி வந்தபின் செய்பவை. கிணற்றைச் சுற்றித் தளமிடுதல், கழிப்பறையை உபயோகித்தல், உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், இந்தியாவின் பொதுத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் 2016 முதல் சேர்க்கப்பட்டுவந்த ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைக் குழந்தைகளுக்குத் தவறாமல் கொடுத்தல் ஆகியவை பேதியை வராமலே தடுப்பவை.

முன்னோர் விட்டுச்சென்ற மூலிகை அறிவு நமக்கு ஒரு மூலதனம். தணிக்கைக்கு அஞ்சி மூலதனத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும், எண்ணிப் பாராமல் வாரி இறைப்பதும் கூட்டுறவாளருக்கு அழகன்று. வாழைக்காய் தேறியதைப் போல வேறு சிலவும் தேறக்கூடும்; சில தேறாமலும் போகலாம். எது எவ்வாறாயினும், கரைசலை முதலிலும் மூலிகையை அதன் பின்னும் வைத்து, காண்பதை மறைக்காமல் எழுதிவைக்கும் வழக்கத்தை ஒவ்வொரு சங்கமும் கைக்கொள்ளுமாக.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. பேதியில் உயிருக்கு அபாயம் நேரிடுவது எதனால்? கரைசலுக்குப் பின்னரே மூலிகை என்பதன் காரணம் யாது?

2. ஒருவர் தமது கஷாயத்தினால் ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கு 89 குழந்தைகள் தேறியதாகச் சொன்னால், நாம் அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எவை?

3. நமது ஊரில் பேதிக்கு உபயோகிக்கும் செடிகள் எவை? அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பறிக்க இடமுள்ளவை எவை?

4. நமது சங்கத்தில் இன்று எத்தனை கரைசல் பொட்டலங்கள் கையிருப்பில் உள்ளன? இரவு நேரத்தில் ஒரு தாய் கேட்டு வந்தால், எடுத்துக் கொடுப்பவர் யார்?